கண்ணாடிக்கடைத் தம்பியின் முழங்கால் ஆராய்ச்சி

மருந்துக் கம்பெனியில் அக்கா பார்க்கிற வேலையைச் சொல்வது சுலபம். பாட்டிலில் ஒட்டப்போகிற லேபிள் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சரியான மாதிரியை இடது பக்கம் வைத்துக்கொள்வாள். வந்த சரக்கை வலது பக்கம் வைப்பாள். மாதிரியின் மேல் ஒரு விரல், சரக்கின் மேல் ஒரு விரல். இரண்டு விரலும் ஜோடி மாடு மாதிரி ஒரே வேகத்தில் நகரும். எங்காவது ஒத்துப்போகவில்லை என்றால் "கோணல்" என்று ஒரே வார்த்தை சொல்லி ஒதுக்கிவிடுவாள். அதனால் கம்பெனியில் அவளுக்குக் கோணலக்கா என்று பெயர். படிப்பைப் பாதியில் விட்டவளுக்கு, அச்சான எழுத்தை நிறுத்திவைக்கிற அதிகாரம் கிடைத்ததில் பெருமைதான். ஆனால் அதைவிடப் பெரிய பெருமை ஒன்று அவளுக்கு இருந்தது. அது அவளுடைய தம்பி.

தம்பி கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவன். அளவுகோலை வைத்து வைரமுனையால் ஒரே இழுப்பு இழுத்து, அடியில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவான். ரொட்டி பிரிகிற மாதிரி கண்ணாடி பிரிந்துவரும். மீந்த துண்டுகளை அவன் குப்பைக்குப் போட மாட்டான். அளவு குறிக்கிற பேனாவால் அவற்றில் ஒரு நாவலின் வரிகளை எழுதிச் சுவரோரம் சாய்த்துவைப்பான். ஒருமுறை துண்டு மாறிப்போய், "ஈரச் சேலை அவள் முழங்காலோடு ஒட்டிக்கொண்டது" என்ற வரியோடு ஒரு கண்ணாடி யார் வீட்டுக் குளியலறை ஜன்னலிலோ போய் உட்கார்ந்துவிட்டது. அந்த வீட்டு அம்மாள் புருஷனையும் இழுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். முதலாளி ஒரு பாட்டில் ஸ்பிரிட்டும் துணியும் கொடுத்துத் தம்பியை அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து கடைத்தெருவில் அவன் பெயர் முட்டி.

முழங்கால் அவனைப் பிடித்துக்கொண்டது பதினைந்தாவது வயதில். மாடிப்படியில் வழுக்கி முழங்கால் சில்லு விலகி, மாவுக்கட்டோடு மழைக்காலம் முழுக்கக் கட்டிலில் கிடந்தான். பொழுது போகட்டும் என்று அக்கா தன்னுடைய பழைய பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அது அந்தப் பெரிய நாவல். எல்லோரும் பள்ளியில் படித்தது, யாரும் திரும்பத் திறக்காதது. ஆற்றங்கரையில் ஒரு குடும்பம், அணைக்கட்டு வேலைக்குப் போய்த் திரும்பாத ஒருவன், அவனுக்காகக் காத்திருக்கிற ஒருத்தி. புத்தகத்தின் அட்டை போயிருந்தது. முன்பக்கங்களும் இரண்டு மூன்று போயிருந்தன. கதை மட்டும் முதல் வரியிலிருந்து முழுசாக இருந்தது.

"அக்கா, இந்தப் புத்தகத்துல எங்க பார்த்தாலும் முட்டியா இருக்கு."

"உனக்கு வலிக்குது. அதான் உனக்கு அதுவே கண்ணுல படுது."

"இல்லக்கா, நிஜமாவே இருக்கு. நீயே பாரு."

அக்கா பார்த்தாள். நிஜமாகவே இருந்தது.

கட்டுப் பிரித்து, கால் நேராகி, கல்யாணமும் ஆகி, தலையில் நரை விழுந்த பிறகும் தம்பி அந்த முழங்காலை விடவில்லை. காதலன் காதலியின் முழங்காலில் தலைவைத்து ஆகாயத்தைப் பார்க்கிறான். ஏன் முழங்கால்? "எலும்புமேல தலை வச்சா சுகமாவா இருக்கும்? இவங்க காதல்ல சுகமே கிடையாதுன்னு ஆசிரியர் சொல்றார்" என்பான். கோயில் காளை மாதிரி இருக்கிற மல்லன் முழங்காலைத் தட்டிக்கொண்டு சண்டைக்கு வருகிறான். உலகத்தில் எந்த மல்லனும் அங்கே தட்டுவதில்லை. "கை ஒரு சாண் கீழ இறங்கிடுச்சு பாரு. இவன் தோக்கப்போறான். அடுத்த பக்கத்துல தோக்குறான்." பண்ணையார் விருந்தில் கோழியின் முழங்காலைத் தான் ஒருவரே தின்கிறார். "கோழிக்கு முட்டில என்னக்கா இருக்கும்? தோலும் ஜவ்வும்தான். அதைக்கூட இன்னொருத்தனுக்குக் குடுக்க மனசில்லாத ஆளு. எவ்ளோ பெரிய எழுத்தாளன் பாரு."

அக்காவுக்கு மயிர்க்கூச்செறியும். அப்படியே போய்க் கம்பெனியில் சொல்வாள். பக்கத்து மேசைக்காரி, "உங்க தம்பி டாக்டருக்குப் படிச்சிருக்கணும்க்கா" என்பாள். அதில் இருக்கிற கிண்டல் அக்காவின் காதில் ஏறாது.

தம்பி மனைவிக்கு மட்டும் இதெல்லாம் எட்டிக்காய். "வீட்டுல ஒருத்தி மாடி ஏற முடியாம முட்டியப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன். தைலம் வாங்கியாந்து குடுக்க நாதியில்ல. செத்துப்போன எழுத்தாளன் எழுதின முட்டிக்கு அக்காவும் தம்பியும் உருகுறீங்க" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. தைலத்தை அக்காதான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பாள்.

நாவல் வெளிவந்து நூறாவது வருஷம் என்று நூலகத்தில் ஒரு கூட்டம் ஏற்பாடானது. பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்த கல்லூரிப் பேராசிரியருக்கு வேறு ஊரில் இதைவிடப் பெரிய கூட்டம் அமைந்துவிட்டது. நூலகத்து ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்ட வந்த தம்பி, ஏணி மேல் நின்றபடியே மல்லனைப் பற்றிப் பேசியது நூலகப் பெண்ணுக்கு ஞாபகம் வந்தது. அழைப்பிதழ் அச்சானது. தலைப்பு: நாவலில் முழங்கால். தலைமை: ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர். எந்தக் கூட்டமானாலும் தலைமை அவர்தான் என்பதால் அவரை எல்லோருமே தலைமை ஐயா என்றுதான் சொல்வார்கள். அக்கா அழைப்பிதழை வாங்கியதும் முதலில் ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகுதான் தம்பியின் பெயரைப் பார்த்து அழுதாள்.

அட்டையில்லாத புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தம்பி மேடையில் நிற்பதை அவளால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் நூலகத்துக்குப் போனாள். மேசைமேல் காட்சிக்கு வைப்பதற்காக நூலகப் பெண் கண்ணாடி அலமாரியிலிருந்து பழைய பதிப்பு ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் உயிரோடு இருந்தபோது வந்தது. தடித்த தோல் அட்டை.

"இதையே தம்பி கையில வச்சிக்கிட்டுப் பேசட்டுமே. பக்கம் தேடித் தடுமாறாம இருக்க, நான் வீட்டுக்குக் கொண்டுபோய் அடையாளத் துண்டு வச்சுக் கொண்டாரேன்."

"வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்க்கா. உங்க கைன்னா ஒரு மூலைகூட மடங்காது."

மத்தியானம் சாப்பிட்ட மேசையைத் துடைத்துக் காயவைத்து, பழைய பதிப்பை இடது பக்கமும் தம்பியிடமிருந்து வாங்கிவந்திருந்த தன் பள்ளிக்கூடப் புத்தகத்தை வலது பக்கமும் விரித்தாள். வேலை பழக்கம். இரண்டு விரல்களும் கிளம்பின. காதலன் தலைவைக்கிற வரி வந்தது. வலது விரல் முழங்காலில் நின்றது. இடது விரல் தொடையில் நின்றது.

பழைய காலத்து அச்சு, பிழை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மேலே போனாள். ஈரச் சேலை தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மல்லன் ஊரில் உள்ள எல்லா மல்லர்களையும் போலத் தொடையைத் தட்டிக்கொண்டு வந்தான். கணக்குப்பிள்ளைக்குத் தொடை நடுங்கியது. பண்ணையார் கோழித் தொடையைத் தின்றார். யாராக இருந்தாலும் அதைத்தான் தின்பார்கள்.

அக்கா "கோணல்" என்று முனகினாள். ஆனால் எது மாதிரி, எது சரக்கு என்று அவளுக்கே புரியவில்லை.

அடையாளத் துண்டு வைக்கப்போனவள், இரண்டு புத்தகங்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு நூலகத்துக்கே திரும்ப ஓடினாள். நூலகப் பெண் அட்டையில்லாத பள்ளிக்கூடப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள்.

"இது மாணவர் பதிப்புக்கா. பள்ளிக்கூடத்துக்குன்னு திருத்திப் போட்டது. முதல் பக்கத்துல விவரமா இருந்திருக்கும்."

"முதல் பக்கம் கிடையாது."

"நம்ம தலைமை ஐயா திருத்தினதுதான். அப்போ அவர் பாடநூல் குழுவுல இருந்தார்." சொல்லிவிட்டு நூலகப் பெண் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "ஏன்க்கா, பக்கம் ஏதும் விட்டுப்போயிருக்கா?"

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் அக்கா.

கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தம்பி முழங்கால் முழங்கால் என்று முழங்குவான். தலைமையுரையில் அந்த மனிதர் எழுந்து, "தம்பி, அதெல்லாம் நான் மாற்றிப் போட்டது" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். தம்பி அங்கேயே நொறுங்கிப்போவான். கண்ணாடியாவது கோடு போட்ட இடத்தில்தான் உடையும். அக்கா நேராகத் தலைமை ஐயாவின் வீட்டுக்கு நடந்தாள்.

பனியனோடு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவர், பெண்பிள்ளை வந்திருக்கிறாள் என்றதும் உள்ளே போய்ச் சட்டை போட்டுக் கழுத்துவரை பொத்தானும் மாட்டிக்கொண்டு வந்தார்.

"நாளைக்குப் பேசுற பையனோட அக்கா நான். ஐயா, நீங்க திருத்தின புத்தகத்தை வச்சித்தான் அவன்..."

"தெரியும்மா." அவர் முகம் மலர்ந்திருந்தது. "அழைப்பிதழ் பார்த்த அன்னைக்கே தெரிஞ்சிடுச்சு. இருபத்தஞ்சு வருஷம் அந்தப் புத்தகத்தைப் பிள்ளைங்க படிச்சாங்க. ஒருத்தன் கவனிச்சதில்ல. வாத்தியாருங்க கவனிச்சதில்ல. உங்க தம்பி ஒருத்தன்தான் கண்டுபிடிச்சிருக்கான். மல்லன் வர்ற இடத்தைப் பத்திப் பேசுவானா?"

"பேசுவான். தோக்கப்போறவன்கிறதாலதான் அங்க தட்டுறான்னு சொல்லுவான்."

தலைமை ஐயா கண்ணை மூடிக்கொண்டார். பாட்டுக் கேட்கிறவர் மாதிரி இருந்தது. "எனக்கே தோணலம்மா" என்றார்.

அக்காவுக்கு ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டிருந்தது. "ஏன் ஐயா முழங்கால்?"

"குழுவுல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. மடின்னு போட்டேன். மடியும் அங்கதானே இருக்குன்னார் ஒருத்தர். வெறும் கால்னு போட்டேன். எந்தக் கால், எதுவரைக்கும்னு கேட்டார் இன்னொருத்தர். முழங்கால்னதும் எல்லாரும் அடங்கிட்டாங்க. முழங்காலைப் பார்த்து எவனும் கெட்டுப்போனதா சரித்திரம் கிடையாது."

"கோழிக்குமா?"

"கோழிக்கு மட்டும் விட்டுட்டா, எவனாவது ஒருத்தன் வகுப்புல எழுந்திரிச்சு, கோழிக்கு இருக்கு, மனுஷனுக்கு இல்லையா சார்னு கேட்பான். எதைச் செஞ்சாலும் ஒரு ஒழுங்கு வேணும் பாருங்க."

இது அக்காவுக்கு நியாயமாகவே பட்டது. ஒழுங்காகச் செய்த வேலையை அவளால் வெறுக்க முடிவதில்லை. ஆனால் இன்னொன்றையும் கவனித்தாள். இத்தனை பேச்சிலும் அவர் தொடை என்கிற சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. 'அந்த இடம்' என்றார், 'அது' என்றார், கையை மேலும் கீழும் ஆட்டினார்.

"நீங்க நாளைக்கு எதுவும் சொல்லிடாதீங்க, அதைக் கேட்கத்தான் வந்தேன்."

"நான் ஏன்மா சொல்லப்போறேன்? நீங்களும் தம்பிகிட்டச் சொல்லிடாதீங்க. வயசான காலத்துல ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுட்டுப் போறேன்."

வாசலைத் தாண்டும்போது அக்காவுக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லக்கூடியவர் இரண்டே பேர். இரண்டு பேரும் வாயைத் திறக்கப்போவதில்லை. தம்பி பேசுவான், கை தட்டுவார்கள், மாலையில் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். தெருமுனை வருவதற்குள் அந்த நிம்மதி கசந்துவிட்டது. கோணல் என்று தெரிந்தும் ஒரு லேபிளைக்கூட அவள் பெட்டிக்குள் போகவிட்டதில்லை. மருந்து யார் வயிற்றுக்குப் போகிறதோ. இப்போது கோணலோடு மேடைக்குப் போகப்போவது சொந்தத் தம்பி. அதுவும் பழைய பதிப்பு மேசைமேல் திறந்துகிடக்கும். கூட்டம் முடிந்து எவனாவது ஒரு பொடிப்பயல் அதைப் புரட்டினால், தம்பிக்கு அந்தச் செய்தி சிரிப்போடு வந்துசேரும்.

கடைக்குப் போனாள். தம்பி பெரிய தகடு ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தான். அவன் வைரமுனையைக் கீழே வைக்கிறவரை பேசாமல் நின்றாள். பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

அவன் கையிலிருந்த கையுறையைக் கழற்றினான். மறுபடி மாட்டினான்.

"எல்லாமேவா?"

"எல்லாம்தான்."

"கோழி?"

"கோழியும்."

"மல்லன்?"

"மல்லனும்தான்டா."

"அப்போ எல்லாரும் தட்டுற இடத்துலதான் அவனும் தட்டியிருக்கான்." அதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது போலிருந்தது. "தோக்கப்போறவன்னு நான் அடிச்சிச் சொன்னேனே."

"தோத்தான்ல?"

"தோத்தான்." கொஞ்சநேரம் சுவரோரம் சாய்ந்திருந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆசிரியர் எழுதின முழங்கால் ஒண்ணுகூட இல்லையாக்கா?"

"ஒண்ணே ஒண்ணு. தபால்காரன் முழங்கால்ல ஒட்டின சேத்தைத் துடைச்சிக்கிட்டு உள்ள வர்றான். அது ரெண்டு புத்தகத்துலயும் அப்படியே இருக்கு."

"அதை நான் எடுக்கவே இல்லையே. அதுல பேச என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லதான்" என்றாள் அக்கா.

அவன் கூட்டத்துக்குப் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டான். அதை வீட்டில் சொன்னபோது தம்பி மனைவி பொரிந்து தள்ளினாள். "இத்தனை வருஷமா இந்த முட்டிக்கு நான் தாளம் போட்டிருக்கேன். எங்கம்மா வீட்டுல இருந்து எல்லாரும் கிளம்பி வர்றாங்க. முட்டியோ, வேற எதுவோ, ஏதாவது ஒரு பாகத்தைப் பத்திப் பேசிட்டுத்தான் வரணும். அண்ணி, நீங்களே சொல்லுங்க." தம்பி மறுநாளைக்கு இஸ்திரி போடச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்தான். என்ன பேசப்போகிறான் என்று கேட்க அக்காவுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் நூலகத்தில் நாற்காலி போதாமல் சிலர் அலமாரிகளுக்கு நடுவில் நின்றார்கள். கண்ணாடிக்கடை முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலைமை ஐயா மேடையில் மாப்பிள்ளைக் களையோடு இருந்தார். தம்பி எழுந்தான். கையில் எதுவும் இல்லை. காதலன் தலைவைத்த கதையைச் சொன்னான். எப்போதும் சொல்வது போலவே சொன்னான். எலும்பின் மேல் தலை, சுகமில்லாத காதல். மல்லனைச் சொன்னான். கோழியைச் சொன்னபோது கூட்டம் சிரித்தது. தலைமை ஐயா முழங்காலின் மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தெரிந்தும் பேசுகிறானே, இவனா என் தம்பி என்று அக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது.

தம்பி தண்ணீர் குடித்தான்.

"இவ்வளவு நேரமும் ஆசிரியர், ஆசிரியர்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அது தப்பு. நேத்துத்தான் தெரிஞ்சது. இந்த முழங்கால் எதையும் நாவல் எழுதினவர் எழுதல. பள்ளிக்கூடப் புத்தகத்துல மாத்திப் போட்டது. மாத்திப் போட்டவர் இதோ, நமக்குத் தலைமை தாங்கிக்கிட்டிருக்கார். நான் சொன்ன நல்லது எல்லாம் ஐயாவுக்குத்தான் சேரணும்."

கூட்டத்தில் சலசலப்பு. தம்பி குரலில் நக்கல் துளியும் இல்லை. அவன் நிஜமாகவே நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். தலைமை ஐயாவும் அப்படியே எடுத்துக்கொண்டு கைகூப்பினார். அப்போது முன்வரிசையிலிருந்து முதலாளிதான் கேட்டார்.

"அப்போ மூலத்துல அந்த இடத்துல என்ன இருந்துச்சுங்க?"

தம்பி மைக்கை மரியாதையோடு தலைமை ஐயாவின் பக்கம் திருப்பிவைத்தான். அவர் எழுந்தார். சட்டையின் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப்பார்த்தார். கூட்டத்தில் பெண்கள் இருந்தார்கள், நாவலாசிரியரின் படம் இருந்தது, படத்துக்கு மாலை இருந்தது. தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார்.

"முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே" என்றார்.

நூலகம் அதுவரை அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சிரிக்காதவர்கள் மேடையில் இருந்த இரண்டு பேர் மட்டும்தான். தம்பி மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நாவலாசிரியர் எழுதின முழங்கால் ஒண்ணு இருக்கு. தபால்காரன் முழங்கால்ல சேறு ஒட்டியிருக்கு. துடைச்சிக்கிட்டு உள்ள வர்றான். இதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. சேறு இருந்துச்சு, துடைச்சான். வணக்கம்."

கூட்டம் முடிந்ததும் பழைய பதிப்பைச் சுற்றி ஆட்கள் மொய்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு யாரும் திறக்காத நாவலுக்கு அன்று வரிசை நின்றது. என்ன தேடினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. முழங்காலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தம்பியிடம் வந்து பேசியது, குளியலறைக்குக் கண்ணாடி வேண்டும் என்று கேட்ட ஒருவர் மட்டும்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது தம்பி அக்காவை விட்டு நாலடி முன்னாலேயே நடந்தான். போயிற்று, இனிமேல் இவன் புத்தகத்தைத் தொட மாட்டான் என்று அக்கா நினைத்தாள். பாதி வழியில் அவன் நின்றான்.

"அக்கா, ஐயா மேல யாருக்கும் ஒரு மரியாதை வரல பார்த்தியா. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. நான் வேற மைக்கைத் திருப்பி வச்சிட்டேன்."

"நீ மரியாதைக்குத்தானே வச்ச."

"போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைமை ஐயா வீட்டுக்குப் போனவன் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அந்தி சாயும்போது ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு, அவன் வீட்டுக்குப் போகாமல் நேராக அக்கா வீட்டுக்கு வந்தான். பை நிறையப் பழைய மாணவர் பதிப்புகள். அந்த ஒரு நாவலோடு ஐயா நிறுத்தவில்லையாம். பணியில் இருந்த காலம் முழுக்கத் திருத்தியிருக்கிறாராம்.

"மன்னிச்சாரா?"

"அதை விடு. இதைப் பாரு. இன்னொரு பெரிய நாவல்ல உதடு வர்ற இடம் எல்லாத்தையும் மாத்தியிருக்கார்."

"என்னன்னு?"

"நெத்தின்னு. எல்லாரும் எல்லாருக்கும் நெத்தியிலயே முத்தம் குடுக்குறாங்க. ஒருத்தன் நெத்தியைக் கடிச்சிக்கிட்டு அழுகையை அடக்குறான். எப்படிக்கா அடக்குவான்? யோசிச்சுப் பாரு, எவ்வளவு கஷ்டம்."

மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தபோது இருந்த அதே முகம். இதையெல்லாம் எழுதினது யார் என்று தெரிந்த பிறகும் அது குறையவில்லை. இதை அவன் மனைவியிடம் யார் சொல்வது என்று ஒரு கவலை அக்காவுக்கு வந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை கம்பெனியில் பக்கத்து மேசைக்காரி, "என்னக்கா, தம்பி இன்னும் முழங்கால்லயேதான் இருக்காரா?" என்று கேட்டாள்.

"அது முடிஞ்சிடுச்சு" என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தி. "இப்போ நெத்திக்குப் போயிட்டான்."